கோமளத்தின் கடைசி ரீல்

மதுரை விமான நிலையத்தில் என் பையைக் கிளறிய அதிகாரி, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். திறந்து பார்த்தார். உள்ளே ஒரு குச்சிகூட இல்லை.

"எங்க போறீங்க?"

"சிவகாசிப் பக்கம்."

"சிவகாசிக்கு மலேசியாவிலேர்ந்து தீப்பெட்டி கொண்டு போற முதல் ஆள் நீங்கதான் சார்" என்று பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலிப் பெட்டியைப் பெரியம்மாவிடமிருந்து இரவல் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "திருப்பிக் கொண்டாந்து தரலைன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பெட்டியின் மேல் சாயம் போன லேபிள். அதில் ஒரு ரயில் நிலையம். இடது பக்கம் ரயில் நிற்கிறது. வலது பக்கம் நிலைய வாசலில் வேட்டி கட்டிய ஒருவன். நடுவே ட்ரங்குப் பெட்டியோடு ஒரு பெண், ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனை நோக்கி நடக்கிறாள். கீழே 'கோமளத்தின் வீடு' என்று படத்தின் பெயர்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் பழைய படச்சுருள்களைத் துடைத்து, கிழிந்த இடங்களை ஒட்டி, ஒவ்வொரு ஃப்ரேமாகக் கணினியில் ஏற்றுகிறவன் நான். இரண்டு வருடங்களுக்கு முன் ஈப்போவில் மூடிக் கிடந்த ஒரு தியேட்டரின் மாடியில் 'கோமளத்தின் வீடு' கிடைத்தது. பதினான்கு டப்பாக்கள். பதினான்காவதைத் திறந்தால் உள்ளே சோப்பு விளம்பரம். கடைசி ரீலை எங்கெங்கோ எழுதிக் கேட்டுவிட்டோம், யாரிடமும் இல்லை. அடுத்த மாதம் ஈப்போவில் திரையிடுகிறோம். இல்லாத ரீலுக்குப் பதிலாக, கதை எப்படி முடிகிறது என்று ஒரு அட்டை போட வேண்டும். அந்த அட்டையை எழுத வேண்டியவன் நான்.

எடுத்தவர் வேதகிரி. ஐம்பதுகளில் மூன்றே படங்கள் எடுத்துவிட்டுக் காணாமல் போனவர். அன்றைய இயக்குநர்கள் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். கேமராவை முதல் வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வசனத்தை ஓடவிடுவார்கள். வேதகிரிக்கு வசனம் என்றாலே எரிச்சல் போலிருக்கிறது. மாமியார் வாய் ஓயாமல் ஏசுகிறார், கேமரா அடுப்பிலிருக்கும் பாலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பால் பொங்கி, வழிந்து, அடுப்பு அணைகிறது. கோமளம் அசையவில்லை. வெட்டே இல்லாத ஒரே ஷாட். அவள் அழும் இடங்களையெல்லாம் முதுகுப் பக்கமிருந்து எடுத்தார். முகத்தைக் காட்டுடா என்று ஜனம் கொட்டகையில் கத்தியதாகக் கேள்வி. அந்த முதுகு எனக்கு மனப்பாடம்.

பதின்மூன்றாவது ரீலின் முடிவில் கோமளம் வலது கையில் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்குகிறாள். கணவன் வாசலில் செருப்பைத் தேடுகிறான். அத்தோடு சரி. அப்புறம் ரயில் ஏறினாளா, திரும்பி வந்தாளா? அந்தக் காலத்தில் போனவள் திரும்பித்தான் ஆக வேண்டும். கடைசி ரீலில் குடும்பம் வரிசையாக நின்று சிரிக்கும், 'சுபம்' விழும். பதின்மூன்று ரீல் பிடிவாதமாக இருந்த மனுஷன் பதினான்காவதில் ஊருக்குக் கும்பிடு போட்டுவிட்டாரா? படத்தின் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கதைச் சுருக்கம் கோமளம் படியிறங்கும் வரை வந்துவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிந்தது. புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன்.

இதெல்லாம் தொழில் அரிப்பு. உண்மையான அவசரம் அம்மாவுடையது.

அம்மா அந்தப் படத்தை ஈப்போவுக்கு வடக்கே தைப்பிங் என்ற ஊரில் பார்த்தாள். பத்தொன்பது வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். அந்த முதல் கணவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை. அதனால்தான் அம்மா செய்தது யாருக்கும் புரியவில்லை. இரண்டு வருடத்தில் அவர் தன்னிடம் பேசியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிடலாம் என்பாள். படம் பார்த்த மறுவாரம் ஒரு பையோடு தனியாக ஈப்போவுக்கு ரயில் ஏறினாள். தையல் வேலைக்குப் போனாள். பல வருடம் கழித்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள், நான் பிறந்தேன். "கோமளம் ஏறுனா, நானும் ஏறுனேன்" என்பதுதான் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன ஒரே பதில்.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, பக்கத்திலேயே உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்தவர். "கோமளம் எங்கடி ஏறுனா? திரும்பித்தான் வந்தா. இந்தா, படம் போட்டிருக்கான் பாரு" என்று இந்தத் தீப்பெட்டியைக் காட்டுவார். கல்யாண வீடானாலும் காட்டுவார், கருமாதி வீடானாலும் காட்டுவார். "உன் கைப்பிள்ளை அழுதுச்சுன்னு முடியறதுக்குள்ள நீ வெளிய போயிட்ட" என்று அம்மா சண்டைக்கு நிற்பாள். இந்த வருடம் நிற்கவில்லை. எண்பத்தேழு வயதில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏன்டா, நானாத்தான் அப்படி நெனைச்சுக்கிட்டேனா? படத்துல இல்லாததைப் பாத்துட்டு ஒரு மனுசனை விட்டுட்டு வந்துட்டேனா?"

லேபிளின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஒரு அச்சகத்தின் பெயரும் திருத்தங்கல் என்ற ஊரும் இருந்தன. கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் விருதுநகர். மிளகாய் மண்டிகள் இருக்கும் தெரு வழியாக ஆட்டோ போனது. லாட்ஜ் வருவதற்குள் பன்னிரண்டு தும்மல். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "ஊருக்குப் புதுசா வந்திருக்கீக. மூணு நாள்ல பளகிரும்." மூன்று நாளில் நான் வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்றேன். "அம்புட்டு அவசரம்னா ஏன் இம்புட்டு தூரம் வந்தீக?" என்றார். நியாயமான கேள்விதான்.

மாலையில் எண்ணெயில் பொரித்த புரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஈப்போப் புரோட்டா, ரொட்டி சானாய், மெத்தென்று இருக்கும், மேலே இனிப்புப் பால்கூட ஊற்றித் தருவார்கள். இது மொறுமொறுவென்று உடைந்தது. சால்னாவில் ஊறப்போட்டு, ஊறும் வரை பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நான் ஊறுவதற்கு முன்பே தின்றுவிட்டு ஈறைக் கிழித்துக்கொண்டேன். பக்கத்து மேசையில் பட்டாசு வாங்க வந்த வடநாட்டு வியாபாரி ஒருவர் போனில் இந்தியில் உருகிக்கொண்டிருந்தார். பரிமாறியவர் என்னிடம் குனிந்து மொழிபெயர்த்தார். "அவுக அம்மாகிட்ட பேசுறாரு. 'பட்டாசெல்லாம் வாங்கிட்டேன், நீ சொன்ன ஊறுகா மட்டும் இங்க எவன்கிட்டயும் இல்லை'ங்குறாரு." இந்தி எப்படித் தெரியும் என்றேன். "சீசனுக்குச் சீசன் இவுக பொலம்பலைக் கேட்டுக் கேட்டு வந்துருச்சு" என்றார்.

என் அம்மாவும் போன் செய்தாள். "கெடைச்சுதா?"

"இன்னைக்குத்தாம்மா வந்து இறங்கியிருக்கேன்."

"சரி சரி. கெடைச்சுதா?"

இரண்டாம் நாள் திருத்தங்கலுக்கு பஸ். நின்றுகொண்டே போனேன். இடம் இருந்தது, எனக்குத்தான் உட்காரப் பிடிக்கவில்லை. அச்சகம் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. தீபாவளி நெருங்கும் சீசன், தெருவெல்லாம் மெஷின் சத்தம். வாசலில் பட்டாசுப் பெட்டி லேபிள்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. முதலாளி செல்வமணி அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு போனை இடுக்கிக்கொண்டு இன்னொரு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க. சீசன்ல வந்திருக்கீக, அதனால ரொம்ப நேரம் உக்காராதீக" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

தீப்பெட்டியைக் காட்டினேன். அவர் கையில்கூட வாங்கவில்லை. தலைக்கு மேலே விரலைக் காட்டினார். "இது எங்க வீட்டுப் பிள்ளைல்லா?"

சுவரில் முருகனுக்கும் மாலை போட்ட அவர் தகப்பனார் படத்துக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்த லேபிளின் முழுத் தாள் தொங்கியது. ஒரே படம் வரிசை வரிசையாக, நிறம் மங்காமல். சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கடல் தாண்டிப் போன முதல் லேபிளாம், ராசியான லேபிளாம். அண்ணாச்சி சொன்னார்: "படக் கம்பெனிக்காரனும் தீப்பெட்டிக்காரரும் பேசிக்கிட்டு விளம்பரத்துக்குப் போட்டது. படம் வர்றதுக்கு முந்தியே போட்டாவை அனுப்பிட்டாங்க. எங்க அய்யா காலத்து ஆர்ட்டிஸ்ட்டு அதைப் பாத்து வரைஞ்சாரு. அந்தா கீழ பாருங்க, தீப்பெட்டிக்காரர் 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. ஓகே ஷீட்டுன்னு சொல்லுவோம். பார்ட்டி கையெழுத்து இல்லாம ஒரு லேபிளும் மெஷின்ல ஏறாது."

நாற்காலியில் ஏறி நின்று பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது. ஆனாலும் தெரிந்தது. ரயிலுக்கு முதுகு, புருஷனுக்கு முகம். பதின்மூன்று ரீல்களில் ஸ்டேஷனே கிடையாது, எனவே இது கடைசி ரீலின் போட்டோதான். கோமளம் திரும்பிவிட்டாள். வேதகிரியும் மற்றவர்களைப் போலத்தான். பெரியம்மா ஜெயித்துவிட்டார். அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்தேன்.

"என்னய்யா, மூஞ்சி செத்துப் போச்சு?" என்று கேட்டது, மூலையில் லேபிள் தாள்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த முத்துமாரி. நாற்பது வயதுப் பெண்மணி. பேசும்போதும் அவர் கை நிற்கவில்லை.

அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை போல. வாசல் வரை வந்தார். "ஆலங்குளத்துல குருசாமின்னு ஒருத்தர் இருக்காரு. டூரிங் கொட்டாயில வேலை பாத்தவரு. எல்லாப் படமும் பாத்திருப்பாரு. ஒரு எட்டு போய்க் கேளுங்க."

அன்று மாலை அம்மாவின் போனுக்குப் பொய் சொன்னேன். "அச்சாபீஸ் இன்னைக்கு லீவும்மா." சீசனில் திருத்தங்கல் அச்சகத்துக்கு லீவு என்றால் மதுரை அதிகாரிகள் இன்னொரு முறை சிரித்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் ஆலங்குளம் போகிறேன் என்று பஸ் ஏறி, கண்டக்டர் கையை நீட்டிய பிறகுதான் அது எதிர்த்திசையில் போகிறது என்று தெரிந்தது. நடுக்காட்டில் இறக்கிவிட்டார்கள். வேலிக்கருவையும் வெயிலும் நானும். முக்கால் மணி நேரம் ரோட்டில் முன்னும் பின்னும் நடந்தேன். கடைசியில் ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டார். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களையும் சிமெண்ட் ஆலையையும் பார்த்தபோது ஒரு நிமிடம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஈப்போவிலும் சுண்ணாம்புக்கல்தான், அங்கே அது மலையாக எழுந்து நிற்கும். இங்கே நிலத்துக்குள் படுத்திருக்கிறது. செருப்பில் ஒட்டுகிற வெள்ளைத் தூசி மட்டும் ஒன்றேதான்.

குருசாமி வேப்பமரத்தடியில் பீடியோடு இருந்தார். எண்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல். கொட்டாயில் அவருக்கு ஆபரேட்டர் வேலை இல்லை. சைக்கிள் ஸ்டாண்ட்.

"'கோமளத்தின் வீடா'? பாக்காம? எட்டு நாள் ஓடுச்சு, எட்டு நாளும் பாத்தேன். பால் பொங்குமே, அதானே?"

"அதேதான்! கடைசியில என்ன ஆகுது?"

"அது தெரியாதே."

"எட்டு தடவை பாத்தேன்னீங்க?"

"தம்பி, கடைசி ரீலு ஓடுறப்ப நான் வெளிய வந்து செயினைக் கழட்டி, டோக்கன் வரிசையில சைக்கிளை நிறுத்தணும். இல்லைன்னா படம் விட்டதும் ஒருத்தனை ஒருத்தன் மிதிச்சுருவான். எந்தப் படத்துக்கும் எனக்கு முடிவு தெரியாது. பாதிப் படத்துல வில்லன் செத்தானா இருக்கானான்னே இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இதற்கா அந்தப் பொட்டல்வெளியில் வெந்தேன்? எழுந்துவிட்டேன். அவர் விடவில்லை.

"இருங்க, எங்க ஓடுறீக? முடிவு தெரியாது. ஆனா எந்தப் படம் எப்படி முடிஞ்சிருக்கும்னு சனம் வர்றதை வச்சே சொல்லிருவேன். சண்டைப் படம்னா இளவட்டம் குதிச்சுக்கிட்டு வருவாங்க. அளுகைப் படம்னா பொம்பளைக மூக்கைச் சிந்திக்கிட்டு வருவாக, ஆனா மூஞ்சி தெளிவா இருக்கும். இந்தப் படத்துக்கு ஒரு சத்தம் இல்லை. பொம்பளைகள்லாம் முன்னால விறுவிறுன்னு நடந்து போறாக. ஆம்பளைக டோக்கனைக் கையில வச்சிக்கிட்டு, சைக்கிளை வாங்கி, ஏறாம உருட்டிக்கிட்டே பின்னால போறானுவ. எட்டு நாளும் அப்படித்தான். அதுக்கு முந்தியும் பாக்கலை, பிந்தியும் பாக்கலை."

திரும்பும் பஸ்ஸில் இதையே மென்றுகொண்டு வந்தேன். மனைவி திரும்பி வந்து சுபம் விழுந்த படத்துக்கு, ஆண்கள் ஏன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும்? ஆனால் அட்டையில் 'சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்' என்றா எழுத முடியும்? ஓகே ஷீட்டில் கையெழுத்து இருக்கிறது. பஸ் சிவகாசி வருவதற்குள் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்திருப்பேன். "உங்களுக்கு மூட்டைப்பூச்சி கடிக்குதா சார்?" என்று கண்டக்டரே கேட்டுவிட்டார்.

நான்காம் நாள் காலை மறுபடி திருத்தங்கல். அட்டைக்காக அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்றுதான் போனேன். அண்ணாச்சி டியூப்லைட்டை அணைக்கச் சொல்லி, கதவை அகலத் திறக்கச் சொன்னார். நான் எடுத்த போட்டோவை ஒருமுறை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். தாள் பிரித்துக்கொண்டிருந்த முத்துமாரி என் தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார். முதல் தடவையாக அவர் கை நின்றது.

"ஏங்கய்யா, இந்தம்மா எந்த ஊரு?"

"எதுக்கு?"

"முந்தானையை வலது தோள்ல போட்டிருக்கு. நம்ம பக்கத்துல யாரும் அப்படிக் கட்ட மாட்டோம்லா?"

தூக்கிவாரிப் போட்டது. பதின்மூன்று ரீல்களிலும் அந்த முதுகைப் பார்த்தவன் நான். இடது தோளில் முந்தானை, வலது கையில் ட்ரங்குப் பெட்டி. இதில் முந்தானை வலது தோளில், பெட்டி இடது கையில். இருநூறு முறை பார்த்த எனக்குத் தெரியவில்லை, படத்தையே பார்க்காத முத்துமாரி கண்டுபிடித்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அதைவிட நூறு மடங்கு சந்தோஷமாக இருந்தது.

"அண்ணாச்சி! இவளை மட்டும் திருப்பிப் போட்டிருக்காங்க!"

அண்ணாச்சி இரண்டு போன்களையும் மேசையில் வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "ஆமா. போட்டாவை ட்ரேசிங் பேப்பர்ல எடுத்திருப்பாரு. பார்ட்டி ஏதோ மாத்தச் சொல்லியிருக்கான். புதுசா வரையச் சோம்பல்பட்டு, பேப்பரைக் கவுத்திப் போட்டு வேலையை முடிச்சிட்டாரு." நிறுத்தினார். "அப்ப வேண்டாம்னு சொன்ன முதல் ப்ரூஃப் ஒண்ணு இருந்திருக்கணும். எங்க அய்யா வேண்டாம்னதைக் கிளிச்சுப் போட மாட்டாரு. ஓகே ஷீட்டு முதுகுல மேல் ஓரத்தை மட்டும் பசை வச்சு ஒட்டிருவாரு. நாளைக்குப் பார்ட்டி 'நான் இப்படிக் கேக்கவே இல்லையே'ன்னு நிக்கக் கூடாது பாருங்க. அதுதான் அவரு பளக்கம். இருந்தா இந்தச் சட்டத்துக்குள்ளதான் இருக்கும்."

"இறக்குங்க அண்ணாச்சி!"

"ம்ஹூம்." முகம் மாறிவிட்டது. "சீசன்ல இதை இறக்க மாட்டோம். நூறு லோடு வெளிய நிக்குது. தீவாளி களியட்டும், நானே பிரிச்சுப் பாத்து உங்களுக்கு அனுப்புறேன்."

கெஞ்சினேன். கோபப்பட்டேன். மறுபடி கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். வேறு வழி தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"கெடைச்சுதா?" என்று அம்மாவின் குரல் அந்த மெஷின் சத்தத்திலும் கேட்டது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். "அம்மா, படம் இருக்கிற வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு. சீசன் முடியட்டும்ங்குறாரு."

"யாரு தம்பி அது? ஐயா, வணக்கம். எனக்கு எண்பத்தேழு. போன மாசம் மூச்சு நின்னு பொழைச்சு வந்திருக்கேன். உங்க சீசன் எப்ப முடியும்?"

அண்ணாச்சி போன் பக்கம் குனிந்தார். அம்மா தொடர்ந்தாள். "ஒரு சினிமாவைப் பாத்துட்டுப் புருசனை விட்டு வந்தவ நான். அதுல அவ ஏறுனாளா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போயிரலாம்னு பாக்குறேன். அவ்வளவுதான் ஐயா. உங்களுக்குத் தொந்தரவுன்னா வேணாம்."

முத்துமாரி தாளைக் கீழே வைத்தார். "ஏன் அண்ணாச்சி, ஆயுத பூசைக்குத் தொடைக்க இறக்குவீகல்ல? அன்னைக்கு மட்டும் ராசி ஓடிப்போயிருதா?"

"ஏம்மா, நீ சும்மா இரு முத்துமாரி" என்றார் அண்ணாச்சி. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டார். சூடம் ஏற்றி, கும்பிட்டு, தானே நாற்காலியில் ஏறிச் சட்டத்தை இறக்கினார். தகப்பனார் படத்தைப் பார்த்து "மன்னிச்சுக்கிடுங்கய்யா" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஆணிகளைப் பிடுங்கிப் பின்பலகையை எடுத்தோம். ஓகே ஷீட்டின் முதுகில், மேல் ஓரத்தில் மட்டும் பசையோடு, இன்னொரு தாள்.

அதே ரயில். அதே வாசல். அதே வேட்டிக்காரன். நடுவில் கோமளம், இடது தோளில் முந்தானை, வலது கையில் பெட்டி, ரயிலைப் பார்த்து. புருஷனுக்குக் காட்டியது முதுகைத்தான். வேதகிரியின் அந்த முதுகு.

குறுக்கே நீல மையில் பெரிய அடித்தல். ஓரத்தில் தீப்பெட்டிக்காரரின் கையெழுத்து. அண்ணாச்சி தடுக்கித் தடுக்கி வாசித்தார்: "'கடைசியில் இந்தப் பெண் ரயிலேறிப் போய்விடுவதாகப் படக் கம்பெனியார் சொல்கிறார்கள். அது படத்துக்குச் சரி. நமது தீப்பெட்டி வீட்டில் விளக்கேற்றுகிற சாமான். வீட்டை விட்டுப் போகிறவள் வேண்டாம். திரும்பி வருவது போல் போட்டு அனுப்பவும்.'"

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான்கு நாளில் முதல் தடவையாக எழுந்திருக்கத் தோன்றவில்லை. கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"என்னடா சத்தத்தையே காணோம்?" என்றாள் அம்மா.

"ஏறிட்டாம்மா. கோமளம் ஏறிட்டா. நீ பாத்ததுதான் நெசம். தீப்பெட்டிக்காரன்தான் மாத்திட்டான்."

"அக்கா கையில இருக்கிறது?"

"உன்னை மாதிரி ஒருத்தி அவங்க பெட்டி மேல இருக்கக் கூடாதுன்னு திருப்பிப் போட்டதும்மா."

"அப்ப அவளும் பொய் சொல்லலை" என்றாள் அம்மா. அறுபது வருடத்துக்கும் மேலாகப் போட்ட சண்டையில் முதலில் அவளுக்குத் தோன்றியது அதுதான். பிறகு கேட்டாள்: "புருசன் எங்க நிக்கிறான்?"

"பின்னால, வாசல்கிட்ட."

"அவ திரும்பிப் பாக்குறாளா?"

"இல்லம்மா. நேரா ரயிலைப் பாக்குறா."

"நான் பாத்தேன்" என்றாள். "அவரு தைப்பிங் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாருடா. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. கூப்பிடலை. சும்மா நின்னாரு. நான் திரும்பி நல்லா பாத்துட்டுத்தான் ஏறுனேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "அதையெல்லாம் உன் அட்டையில எழுதி வைக்காத."

முத்துமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டுத் தாளைப் பிரிக்க உட்கார்ந்தார். அண்ணாச்சியின் இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. சட்டத்தைத் திரும்ப மாட்டும்போது எந்தத் தாளை முன்னால் வைப்பது என்று ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "இருக்கட்டும், சீசன் முடியட்டும்" என்று ஓகே ஷீட்டையே முன்னால் வைத்தார். முதல் தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் விட்டார். கிளம்பும்போது ஒரு பட்டாசுப் பெட்டியை நீட்டினார். விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லிக் கும்பிட்டேன்.

சாயங்காலம் விருதுநகரில் ரயில் ஏறினேன். வண்டி நகரும்போதுதான் அன்று காலையிலிருந்து மிளகாய் நெடிக்குத் தும்மவே இல்லை என்பது உறைத்தது. ஆட்டோக்காரர் சொன்னபடி பழகிவிட்டது போல. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து அட்டையை எழுதினேன். இரண்டு வருடமாக வராதது இரண்டே வரியில் முடிந்தது.

'கணவன் நிலைய வாசலில் நிற்கிறான். கோமளம் ரயில் ஏறுகிறாள்.'

திரும்பிப் பார்த்தாளா என்பதை எழுதவில்லை. அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.